தசைக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் அக்கா மகன் கொளுத்தும் வெயிலிலும் தொளதொளவென்று முழுக்கைச் சட்டைதான் போடுவான். தேசிய சேவை முடிந்ததிலிருந்து ஜிம்மே கதி. தோள் இரண்டும் கதவை அடைக்கும். ஆனால், "இன்னும் ஒல்லியாத்தான் இருக்கேன் மாமா" என்பான். நாங்கள் சிரித்தோம். முதல் தவறு அதுதான்.

உடம்பு எவ்வளவு ஏறினாலும் கண்ணாடியில் சின்னதாகவே தெரிவது ஒரு மனநலச் சிக்கல். மசில் டிஸ்மார்ஃபியா என்பார்கள். "நல்லாத்தானே இருக்கே" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. ஒரு நாள் ஜிம்முக்குப் போகாவிட்டால் மனசு என்ன பாடுபடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

"ஒரே ஒரு சைக்கிள்தான்" என்பதை நம்புவது அடுத்த தவறு. சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு ஊசி போடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த ஊசி வழியாக வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வந்ததும், விரைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுபோகிறது. விரை சுருங்கும், விந்தணு குறையும். நல்ல கொலஸ்ட்ரால் சரியும், இதயத் தசை தடிக்கும். சிங்கப்பூரில் இந்த ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். டெலிகிராமில் வாங்கும் குப்பிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

ஆனால் நாங்கள் செய்த பெரிய தவறு வேறு. அலமாரியில் குப்பிகளைப் பார்த்த அக்கா, பதறிப்போய் அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். மூன்றாம் வாரம் பையன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு கதவோரம் அப்படியே கிடந்தது. ஊசியை நிறுத்தியதும் உடம்பு உடனே சொந்த ஹார்மோனைச் சுரக்காது. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் சோர்வும் மனச்சோர்வும் கவ்வும். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வரும். தசை கரைவதைப் பார்த்து மறுபடி ஊசியைத் தேடுபவர்களும் உண்டு.

அதனால் தனியாக நிறுத்த விடாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்குக் கூடவே போங்கள். எதைப் போட்டான், எத்தனை வாரம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை பார்த்துத் தேவையானால் ஹார்மோன் நிபுணரிடம் அனுப்புவார்கள். உயிரைப் பற்றி விரக்தியாகப் பேசினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767, அல்லது மனநலக் கழகத்தின் 6389 2222. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும்.

அப்புறம் ஒன்று: இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். அதிலுள்ள ஸ்டீராய்டு வேறு வகை. தசையை வளர்க்காது, மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கும்.