வரைபடக் கோப்பை ஓடையாகப் படிப்பது

டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கத்துக் கோயில்களைப் பட்டியலிட, யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தென்னாப்பிரிக்க எக்ஸ்எம்எல் கோப்பை இறக்கினேன். பைத்தானில் மொத்தமாகத் திறந்ததும் 8 ஜிபி நினைவகம் நிரம்பி மடிக்கணினி நின்றுவிட்டது.

மொத்தமாகத் திறக்காமல், பைத்தானின் எலிமெண்ட்ட்ரீயில் உள்ள ஐட்டர்பார்ஸ் (iterparse) பயன்படுத்துங்கள். உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கையில் தரும். பார்த்து முடித்ததைக் கிளியர் செய்ய வேண்டும். இங்கேதான் ஒரு மாலை முழுக்கத் தவித்தேன். ‘எண்ட்’ நிகழ்வில், அதாவது ஓர் உறுப்பு முடியும் இடத்தில், எல்லாவற்றையும் கிளியர் செய்தால், நோடு (வரைபடத்தில் ஒரு புள்ளி) முடிவதற்குள் அதன் உள்ளே இருக்கும் டேக் (பெயர், வகை போன்ற விவரம்) காலியாகிவிடும். கோயில் பெயரே கிடைக்காது. நோடு, வே (நோடுகளை இணைத்த கோடு), ரிலேஷன் (இவற்றின் தொகுப்பு) முடியும்போது மட்டும் கிளியர் செய்யுங்கள். கூடவே எல்லாவற்றையும் உள்ளடக்கிய வேர் உறுப்பையும் காலி செய்யுங்கள். இல்லையென்றால் வெற்றுக் கூடுகள் அதில் சேர்ந்துகொண்டே போகும்.

தேட வேண்டிய டேக்குகள்: அமெனிட்டி ‘பிளேஸ் ஆஃப் வொர்ஷிப்’, ரிலிஜன் ‘ஹிந்து’.

அப்புறம், கட்டடமாக வரையப்பட்ட கோயில் பெரும்பாலும் வே-யாக இருக்கும். அதில் அட்சரேகை கிடையாது, நோடு எண்கள் மட்டுமே. நோடுகளோ கோப்பில் வழக்கமாக முன்னாலேயே வந்து போயிருக்கும். அதனால் இரண்டு முறை படியுங்கள்: முதல் சுற்றில் கோயில் வே-க்களின் நோடு எண்களைப் பைத்தான் செட் (set) ஒன்றில் சேருங்கள், இரண்டாவதில் அந்த நோடுகளின் இடத்தை மட்டும் எடுங்கள். நினைவகம் கொஞ்சம்தான் செலவாகும்.

கழித்தல் குறியைத் தவறவிடாதீர்கள். டர்பனின் அட்சரேகை -29.9க்கு அருகில், குறி போனால் புள்ளி எகிப்தில், கெய்ரோவுக்கு அருகே விழும்.

பிபிஎஃப் கோப்பு (அதே வரைபடத் தரவின் சுருக்கப்பட்ட வடிவம்) என்றால் பைஆஸ்மியம் (pyosmium) என்ற பைத்தான் நூலகம் போதும். லொக்கேஷன்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் வே-யின் புள்ளிகளுக்கு இடத்தை அதுவே தந்துவிடும்.