மெக்சிகோ கடற்கரை விடுமுறை: ஓட்டலுக்கு முன் கடலைப் பாருங்கள்

மெக்சிகோ கடற்கரைக்குப் போக முடிவு செய்ததும் நாம் முதலில் பார்ப்பது ஓட்டலின் படங்களைத்தான். நீச்சல் குளம், பஃபே மேசை, வெள்ளைத் திரை போட்ட கட்டில். விலையும் விருந்தினர் மதிப்பெண்ணும் ஒத்துவந்தால் பணம் கட்டிவிடுகிறோம். ஓட்டலுக்கு முன்னால் கிடக்கிற கடல் எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை.

முதல் தடவை நானும் கேட்கவில்லை. லாஸ் காபோஸில் அழகான ஒரு ரிசார்ட்டில் அம்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஐந்து நாள் தங்கினோம். ஐந்து நாளும் கரையில் சிவப்புக் கொடி. கடல் அலை மணலில் வந்து அறைகிற சத்தம் இரவெல்லாம் கேட்டது, ஆனால் ஒருவரும் கால் நனைக்க முடியவில்லை. கடலுக்கு ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் குளோரின் வாசனையோடு ஊர் திரும்பினார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

லாஸ் காபோஸ் என்பது பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்கோடி. பசிபிக் பெருங்கடலும் கோர்ட்டெஸ் கடலும் அங்கே சந்திக்கின்றன. கரையிலிருந்து சில அடி இறங்கியதுமே ஆழம் சட்டென்று கூடிவிடும். திரும்பும் அலை காலை வாரி உள்ளே இழுக்கும். காபோ சான் லூக்காஸுக்கும் சான் ஹோசே டெல் காபோவுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் முன்னால் இருப்பது பார்க்க மட்டுமேயான கடல். நிம்மதியாக இறங்கக்கூடிய இடங்கள் என்றால் மெதானோ, சாந்தா மரியா, சிலேனோ, பால்மிய்யா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை அங்கே திமிங்கலங்கள் வருகின்றன, கடலோரம் வரை பாலைவனம் நீண்டு கிடக்கும் காட்சியும் வேறெங்கும் கிடைக்காது. அதற்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் மெதானோவுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். பசிபிக் கரையில் இன்னும் தெற்கே, ஓஹாக்கா மாநிலத்தின் புவேர்ட்டோ எஸ்கோண்டிடோவிலும் இதே கதைதான். சிக்காத்தேலா கடற்கரையின் பெயர் உலகமெங்கும் தெரிவதற்குக் காரணம் அலைச்சறுக்கு வீரர்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஆகாது. அதே ஊரில் குன்றுக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் கர்ரிசலியோ சிறு விரிகுடாவில் நன்றாக நீந்தலாம்.

மெக்சிகோவின் கிழக்கே, கரீபியன் கரையில் இருக்கும் கான்குனுக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். வரைபடத்தை எடுத்து அதன் ஓட்டல் பகுதியைப் பாருங்கள். கரீபியன் கடலுக்கும் நிச்சுப்தே காயலுக்கும் நடுவே, எண் 7 போல வளைந்த ஒரு மணல் திட்டு அது. 1970களில் மெக்சிகோ அரசே திட்டம் போட்டுக் கட்டிய சுற்றுலா நகரம். அந்த 7-இன் மேல்கோடு வடக்கே பார்த்திருக்கிறது. எதிரே இஸ்லா முஹெரெஸ் தீவு அலையைத் தடுப்பதால் அங்கே தண்ணீர் பெரும்பாலும் குளம்போல அமைதியாக இருக்கும். நீளமான கோடு கிழக்கே திறந்த கடலைப் பார்க்கிறது. அங்கே நிறம் கண்ணைப் பறிக்கும், மணலும் அகலம், ஆனால் அலையும் இழுப்பும் அதிகம். இரண்டு பக்கமும் ஓட்டல் விளம்பரத்தில் ஒரே 'கான்குன்' தான். வேறுபடுத்திப் பார்க்க எளிய வழி, முகவரியில் இருக்கும் கிலோமீட்டர் எண். குக்குல்கான் சாலையில் எல்லா ஓட்டலும் கிலோமீட்டர் கணக்கில்தான் குறிக்கப்படும். 4-இலிருந்து 8 வரை இருந்தால் அமைதியான வடக்குக் கரை. 10-ஐத் தாண்டினால் அலைக்கரை. நடுவே 9-ஐ ஒட்டிய முனையில்தான் இரவு விடுதிகள் கூடியிருக்கின்றன. கைக்குழந்தையோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் அந்த முனையை, அதிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் வந்து குவியும் மார்ச் மாதத்தில், தவிர்த்துவிடுவது நல்லது.

கொடிகளின் நிறத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து, கறுப்பு என்றால் கடலுக்கே போகக் கூடாது.

அடுத்தது சர்காசம். கரீபியன் பக்கம் போகிற பலருக்கு இந்தப் பெயரே தெரிவதில்லை. அட்லாண்டிக்கில் மிதந்து வளரும் பழுப்பு நிறக் கடற்பாசி இது. 2011-க்குப் பிறகுதான் இவ்வளவு பெரிய அளவில் கரீபியன் கரைகளுக்கு வந்து சேரத் தொடங்கியது. ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை காற்றும் நீரோட்டமும் அதைக் கிழக்கு பார்த்த கரைகளில் கொண்டுவந்து குவிக்கின்றன. கரையில் கிடந்து அழுகினால் கெட்டுப்போன முட்டை நாற்றம் வரும். ஓட்டல்கள் ஆள் வைத்தும் டிராக்டர் வைத்தும் அள்ளுகின்றன, கடலில் மிதவைத் தடுப்பு போடுகின்றன. காலையில் அள்ளிய இடத்தில் மாலையில் திரும்ப வந்து நிற்கும் நாட்களும் உண்டு. இது ஓட்டலின் குறை அல்ல, திசையின் விளைவு. கான்குனுக்குத் தெற்கே இருக்கும் துலும், பிளாயா டெல் கார்மென் ஊர்கள், கான்குனின் நீளக்கோடு எல்லாம் இதன் நேர்ப்பாதையில் இருக்கின்றன. இஸ்லா முஹெரெஸின் வடக்குக் கரையான பிளாயா நோர்த்தே, கொசுமெல் தீவின் மேற்குக் கரை, வடக்கே ஓல்போஷ் தீவு ஆகியவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. பள்ளி விடுமுறை என்று மே, ஜூன், ஜூலையில்தான் போக முடியும் என்றால் இந்த மூன்றில் ஒன்றையோ, பாசியே எட்டாத பசிபிக் பக்கம் புவேர்ட்டோ வயார்தாவையோ பாருங்கள்.

எனக்குப் பிடித்தது பிளாயா நோர்த்தே. தீவின் மொத்த நீளமே 7 கிலோமீட்டர் சொச்சம்தான். கான்குனின் புவேர்ட்டோ ஹுவாரெஸ் துறையிலிருந்து படகில் 20 நிமிடம். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். அம்மா ஒரு மணி நேரம் நின்றார். ஆனால் அங்கே பெரிய ரிசார்ட்டுகள் குறைவு, அறைகள் சிறியவை, குளிர்காலத்தில் 'நோர்த்தே' என்று அவர்கள் சொல்கிற வடகாற்று அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை நிலப்பகுதியில் வைத்துக்கொண்டால் பதற்றம் இல்லை. கொசுமெல் மீனும் பவளப்பாறையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. அங்கே மேற்குக் கரையில் பல இடங்களில் மணலே கிடையாது, பாறையிலிருந்து ஏணி வழியாகத்தான் கடலில் இறங்க வேண்டும். மணல் வீடு கட்ட ஆசைப்படும் குழந்தை இருந்தால் தீவின் தென்மேற்குப் பக்கம் பாருங்கள்.

ஊர்ப் பெயரை நம்புவது இன்னொரு தவறு. 'ரிவியேரா மாயா' என்பது ஊர் அல்ல. கான்குனுக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரைக்கு வைத்த விற்பனைப் பெயர். அங்கேயிருக்கும் பெரிய ரிசார்ட்டுகள் பல நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, வாயிற்காவலோடு தனியாக நிற்கின்றன. வெளியே ஒரு டாக்கோ சாப்பிடக்கூட டாக்சி வேண்டும். சில வளாகங்கள் எவ்வளவு பெரியவை என்றால், அறையிலிருந்து கடலுக்குப் போக வண்டிக்குக் காத்து நிற்க வேண்டியிருக்கும். முட்டிவலிக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாலையில் கடைத்தெருவில் நடக்க வேண்டும், பலவகையாகச் சாப்பிட வேண்டும் என்றால் பிளாயா டெல் கார்மெனின் ஐந்தாம் அவென்யூ பக்கம் தங்குங்கள். சந்தடியில்லாத சிறு ஊர் வேண்டுமென்றால் புவேர்ட்டோ மோரெலோஸ். கரைக்கு அருகிலேயே பவளப்பாறைத் திட்டு இருப்பதால் அலையும் அடங்கியிருக்கும்.

துலும் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஊர் ஒரு இடம், கடற்கரை ஒரு இடம், நடுவில் சில கிலோமீட்டர். 'துலும்' என்று பெயரில் இருக்கும் பல விடுதிகள் காட்டுக்குள் புதிதாக எழுந்த குடியிருப்புப் பகுதிகளில் இருக்கின்றன. கடற்கரைச் சாலையோ ஒற்றைச் சாலை, மாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும். கடலோர விடுதிகளில் பல நெடுங்காலம் ஜெனரேட்டரையும் சூரிய மின்சாரத்தையும் நம்பியே இயங்கின. அதனால் ஏசி உண்டா, இரவு முழுக்க ஓடுமா என்று எழுதிக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். கான்குன் விமான நிலையத்திலிருந்து துலும் 120 கிலோமீட்டர் பக்கம். 2023 டிசம்பரில் துலுமுக்கென்றே ஒரு விமான நிலையம் திறந்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாயர்களின் பழைய நகரமான சிச்சேன் இட்சாவை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று கான்குனில் தங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு வழிக்கே 200 கிலோமீட்டர். வல்லாதோலித் நகரில் ஓர் இரவு தங்கிவிட்டால் கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே பார்த்துவிடலாம்.

ஆல் இன்க்ளூசிவ், அதாவது சாப்பாடும் குடியும் அறை வாடகையிலேயே அடங்கிய திட்டம், எடுப்பதா வேண்டாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குடிப்பவர்கள் இல்லாத குடும்பம் பெரும்பாலும் மற்றவர்களின் மதுவுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறது. தினமும் வெளியே சுற்றப் போகிறவர்களுக்கும் அது நட்டம். குளமும் கடலுமே போதும், சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், நினைத்த நேரத்தில் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்றால் அது வசதி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. மெக்சிகோவில் பீன்ஸ் பயறை மசித்து வதக்கும்போது பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. தட்டில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாது. 'சின் மந்தேக்கா', 'சின் கால்தோ தே பொய்யோ' என்ற இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கொழுப்பு இல்லாமல், கோழிச்சாறு இல்லாமல் என்று பொருள். அம்மா போலக் கண்டிப்பானவர்கள் கூட இருந்தால் சமையலறை உள்ள அபார்ட்மெண்ட்தான் சரி. நாங்கள் இப்போது அப்படித்தான் எடுக்கிறோம்.

'தனியார் கடற்கரை' என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மெக்சிகோவில் கடற்கரை முழுவதும் சட்டப்படி பொதுச் சொத்து. வழியை மறிப்பவர்களுக்கு அபராதம் விதிக்க 2020-இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஓட்டலுக்குச் சொந்தம் சாய்வு நாற்காலிகளும் குடைகளும் மட்டுமே. இதை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். இரண்டு தெரு தள்ளி மலிவாகத் தங்கி, அதே மணலில் போய் உட்காரலாம்.

விலையைப் பற்றி மூன்று விஷயம். மெக்சிகோவில் பெசோவுக்கும் டாலர் குறியையே போடுகிறார்கள், எந்தப் பணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கிற விலையில் 16 சதவீத வாட் வரியும் மாநிலத் தங்கும் வரியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கான்குன் பக்கம் ஒவ்வொரு அறைக்கும் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுச்சூழல் கட்டணம் ஒன்றை வரவேற்பு மேசையில் தனியாக வாங்குவார்கள்; அது ஏமாற்று இல்லை, நகராட்சிக் கட்டணம்.

விமான நிலையத்தில் வெளியே வருவதற்கு முன், 'உங்கள் ஓட்டல் வண்டி இங்கேதான்' என்று சீருடையில் கூப்பிடுகிறவர்களில் பலர் டைம்ஷேர், அதாவது ஒரு விடுதியில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை, விற்பவர்கள். நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். ஓட்டலிலும் 'இலவசக் காலை உணவு, ஒன்றரை மணி நேரம்தான்' என்று அழைப்பு வரும். விடுமுறையின் ஒரு பகல் அதிலேயே போய்விடும். யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை மெக்சிகோ சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் அறைகள் ஏன் அவ்வளவு மலிவு என்றால் அது புயல் காலத்தின் உச்சம். 2005 அக்டோபரில் வில்மா புயல் கான்குன் மேல் நகராமல் நின்று கடற்கரை மணலையே அரித்துக்கொண்டு போனது. 2023 அக்டோபரில் ஓட்டிஸ் புயல் பசிபிக் கரை நகரமான அகாபுல்கோவைச் சிதைத்தது. அந்த மாதங்களில் போவதென்றால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையை மட்டும் எடுங்கள், சில டாலர் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கடற்கரையில் சென்ற மாதம் எத்தனை நாள் சிவப்புக் கொடி இருந்தது, பாசி எப்படி இருக்கிறது, தண்ணீரில் இறங்கும் இடம் மணலா பாறையா, அறையிலிருந்து கடலுக்கு எத்தனை நிமிட நடை, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா. 'கடல் காட்சி' என்ற அறையில் கடல் நேராகத் தெரியுமா, பால்கனியில் எட்டிப் பார்த்தால்தான் தெரியுமா என்பதையும் கேட்கலாம். அப்புறம் நீங்கள் போகப்போகும் அதே மாதத்தில் போன வருடம் விருந்தினர்கள் எடுத்த படங்களைத் தேடுங்கள். ஓட்டல் போடும் படத்தில் எப்போதும் நல்ல நாள்தான் இருக்கும். விருந்தினர் படத்தில் கரையோரம் பழுப்புக் கோடு தெரியும், பின்னால் கொடியின் நிறமும் தெரியும்.