பழைய பிக்கப்பில் பெரிய ட்ரெய்லர்: இழுக்கும் முன் போடவேண்டிய கணக்கு

இருபது வருடம் ஓடிய ஷெவர்லே சில்வராடோ 1500, ஃபோர்டு எஃப்-150 மாதிரி, 'அரை டன்' என்று அழைக்கப்படும் சாதாரண ரகப் பிக்கப் ஒன்றை வாங்கிவிட்டால், அடுத்து வருவது காம்பிங் ட்ரெய்லர் ஆசை. "வி8 எஞ்சின், 7,000 பவுண்டு அலட்டிக்காம இழுக்கும்" என்று விற்பவர் சொல்வார். இழுக்கும்தான், அதில் பொய்யில்லை. ஆனால் இந்த ரகப் பிக்கப்களில் எஞ்சினின் பலம் தீர்வதற்கு முன்பே, முதுகில் சுமக்கும் அளவு தீர்ந்துவிடும். அதனால் ட்ரெய்லர் பார்க்கப் போகும் முன்பே கணக்கை முடித்துவிடுவோம். அமெரிக்காவில் ஸ்டிக்கர் முழுக்கப் பவுண்டு என்பதால் நாமும் பவுண்டிலேயே பேசுவோம்.

1. ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவின் விளிம்பிலோ, கதவு பூட்டும் தூணிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று இருப்பது, ஆள், சாமான், டீசலோ பெட்ரோலோ, ட்ரெய்லர் அழுத்தும் எடை எல்லாம் சேர்த்து பிக்கப் மட்டும் எவ்வளவு இருக்கலாம் என்ற உச்சவரம்பு. பக்கத்திலேயே முன், பின் அச்சுகளுக்குத் தனித்தனி வரம்பு இருக்கும்.

ஏறக்குறைய 2006 மாடலிலிருந்து, "ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கூடாது" என்று இன்னொரு ஸ்டிக்கரும் வருகிறது. அதற்கு முந்தைய வண்டி என்றால் அந்த எண்ணை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய விளம்பரப் புத்தகத்தில் உள்ள இழுவை எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 இழுவைச் சோதனையை டொயோட்டா 2011 மாடல்களில்தான் முதலில் ஏற்றது; மற்ற பெரிய கம்பெனிகள் வந்து சேர 2015 வாக்கில் ஆனது. அதுவரை அவரவர் வைத்ததே சோதனை. ஒரே மாடலிலும் பின் அச்சின் கியர் விகிதத்தைப் பொறுத்து அந்த எண் மாறும். ஜி.எம். (ஷெவர்லே, ஜி.எம்.சி.) வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு குறியீட்டு ஸ்டிக்கர் உண்டு: ஜி.யு.6 என்றால் 3.42, ஜி.டி.4 என்றால் 3.73. கனமாக இழுக்க 3.73 நல்லது.

2. எடை போடுங்கள்

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். டேங்க்கை நிரப்பி, குடும்பத்தை ஏற்றி, பின்னால் வழக்கமாகப் போடும் சாமானையும் போட்டு மேடையில் ஏறுங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். லாரிக்காரர்கள் வரிசையில் நிற்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஸ்டிக்கரில் வரம்பு 6,400. மேடையில் வந்தது 5,700. மிச்சம் 700. எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் (ட்ரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கும் அமைப்பு; விவரம் 4ஆம் பகுதியில்) மாட்டினால் அதுவே 80 பவுண்டு போல இருக்கும். ஆக, ட்ரெய்லர் அழுத்துவதற்கு மிஞ்சுவது 620.

பம்பருக்குப் பின்னால் மாட்டும் ட்ரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அழுத்த வேண்டும். இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். காம்பிங் ட்ரெய்லருக்கு 13 சதவீதம் வைத்துக்கொண்டால், 620 பவுண்டுக்கு ஏற்றது சுமார் 4,770 பவுண்டு ட்ரெய்லர். விற்பவர் சொன்ன 7,000 எங்கே, இது எங்கே! டங் வெயிட்டைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று சாமானைப் பின்பக்கம் தள்ளினால், ட்ரெய்லர் வாலாட்டும். 10 சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது.

3. ட்ரெய்லரின் நிஜ எடை

விளம்பரத்தில் வரும் காலி எடையை மறந்துவிடுங்கள். 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டு. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், சைக்கிள் எல்லாம் அதற்கு மேல். ட்ரெய்லரின் ஸ்டிக்கரிலும் ஜி.வி.டபிள்யூ.ஆர். இருக்கும், அந்த எண்ணை வைத்தே திட்டமிடுங்கள்.

4. ஹிட்ச்

ரிசீவரின் (பிக்கப்பின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாய்) அடியில் குனிந்து பார்த்தால் அதிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரும்பாலும் இரண்டு வரி: சாதாரணமாக மாட்டினால் 5,000 / 500, எடை பிரிக்கும் ஹிட்ச் போட்டால் 10,000 / 1,000 என்பது போல. இரண்டாவது எண்தான் டங் வெயிட். ரிசீவர், பால் மவுன்ட் (ரிசீவரில் செருகும் தண்டு), பால் (அதன் மேலுள்ள இரும்புக் குண்டு), கப்ளர் (அந்தக் குண்டைக் கவ்வும் ட்ரெய்லரின் மூக்கு) இவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பாலின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குல பாலில் 2 5/16 அங்குல கப்ளர் உட்கார்ந்தது போலவே தெரியும், ஒரு பள்ளத்தில் எகிறிக் கழன்றுவிடும்.

ட்ரெய்லரை மாட்டியதும், கிணற்று ஏற்றத்தில் ஒரு பக்கம் அமுங்க மறுபக்கம் எழும்புவது போல, பின்பக்கம் தணிந்து முன்பக்கம் எழும்பும். முன் சக்கரத்தில் பிடி குறைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பலவீனமாகும். எடை பிரிக்கும் ஹிட்ச்சின் கம்பிகள் அந்த எடையில் கொஞ்சத்தை முன்னே திருப்பித் தள்ளும். சரியாக வைத்திருக்கிறோமா என்று டேப்பில் அளக்கலாம். முன் சக்கரத்துக்கு மேலே ஃபெண்டரின் உயரம் ட்ரெய்லர் இல்லாமல் 36 அங்குலம், மாட்டியதும் 37 என்று வையுங்கள். கம்பியை இறுக்கியதும் 36½க்காவது இறங்கியிருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதைக் கேளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இந்த ஹிட்ச் எடையைப் பங்கு போடும், வண்டியின் வரம்பைக் கூட்டாது.

5. பிரேக்

ட்ரெய்லரின் எலெக்ட்ரிக் பிரேக்குக்கு, பிக்கப்புக்குள் ஒரு கன்ட்ரோலர் வேண்டும். நேரத்தை வைத்து இயங்கும் மலிவு ரகம் வேண்டாம். பிக்கப்பின் வேகம் எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப பிரேக் பிடிக்கும் ரகத்தை வாங்குங்கள். காலி மைதானத்தில் மணிக்கு 25 மைலில் போய், கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை அளவைக் கூட்டி, பிறகு ஒரு படி குறைத்தால் சரி.

ட்ரெய்லர் கழன்று ஓடினால் தானே பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சின் கம்பியைப் பிக்கப்பின் அடிச்சட்டத்தில் (ஃப்ரேம்) மாட்ட வேண்டும், பாதுகாப்புச் சங்கிலியில் அல்ல. சங்கிலிகள் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போகட்டும்.

6. பழைய வண்டியின் உடம்பு

குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலத்து வண்டி என்றால், முதலில் அடியில் படுத்து பிரேக் குழாயைப் பாருங்கள். 1999–2003 ஜி.எம். பிக்கப்களில் குழாய் துருப்பிடித்து உடைவதை என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரித்தது, 2015இல், திரும்பப் பெறும் உத்தரவு இல்லாமலேயே கோப்பை மூடிவிட்டது. ஆகவே மாற்றும் பொறுப்பு உங்களுடையது. ரிசீவர் போல்ட்டு, அடிச்சட்டம் ஆகியவற்றையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

டயரில் பி என்று தொடங்கும் அளவு இருந்தால், அது கார் ரகம். பிக்கப்பில் போடும்போது, அதன் எடை எண்ணை 1.1ஆல் வகுக்க வேண்டும். முடிந்தால் எல்.டி. (லைட் ட்ரக்) ரகத்துக்கு மாறுங்கள். ட்ரெய்லர் டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2317 என்றால், 2017இன் 23ஆவது வாரம் செய்தது. பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டியதை நான் நம்ப மாட்டேன். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் ஆயிலை மாற்றி, அதற்குத் தனி கூலர் இல்லையென்றால் ஒன்று போட்டுவிடுங்கள். ஜி.எம்.மின் 4எல்60இ மாதிரி பழைய நான்கு கியர் பெட்டிகள், ஓவர்டிரைவுக்கும் (நான்காவது கியர்) மூன்றுக்கும் மாறிமாறித் தவித்தே சூடாகும். மேட்டில் அப்படித் தவித்தால் மூன்றிலேயே நிறுத்தி ஓட்டுங்கள்.

7. சட்டம்

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ட்ரெய்லருக்குத் தனி பிரேக் பல மாநிலங்களில் 3,000 பவுண்டிலிருந்தே கட்டாயம், டெக்சஸில் 4,500க்கு மேல். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் மணிக்கு 55 மைல்தான். டொரொன்டோ வாசகர்களுக்கு: ஒன்டாரியோவில் 1,360 கிலோவிலிருந்து பிரேக் வேண்டும், சாதாரண ஜி உரிமத்தில் ட்ரெய்லர் பொதுவாக 4,600 கிலோ வரை. எல்லைதாண்டிப் போனால், போகும் ஊரின் விதிதான் செல்லும். வியாபாரத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் இழுத்து, பிக்கப், ட்ரெய்லர் இரண்டின் வரம்பும் சேர்ந்து 10,001 பவுண்டைத் தொட்டால் வணிக வண்டி விதிகள் வந்துவிடும். ட்ரெய்லருக்கு ஏதாவது ஆனால் யார் பணம் தருவார்கள் என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

8. கிளம்பலாம்

கப்ளரைப் பூட்டியதும், ட்ரெய்லரின் ஜாக்கைத் தரையில் அழுத்தி பிக்கப்பின் பின்பக்கம் எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. விளக்குகளை ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். ட்ரெய்லர் அகலம் பிக்கப்பைத் தாண்டினால் நீட்டுக் கண்ணாடி வேண்டும்.

ட்ரெய்லர் டயர்களில் பலவும் 65 மைல் வேகத்துக்குத்தான். நான் 60ஐத் தாண்டுவதில்லை. லாரி கடக்கும்போது ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கையும் ஒடிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் தானே பின்னிழுத்து நேராகும். பிறகு நிறுத்தி, சாமானை முன்னே நகர்த்துங்கள். மலை இறங்கும்போது, சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

சக்கரத்தைப் புதிதாக மாட்டியிருந்தால் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி நட்டுகளை டார்க் ரெஞ்சால் பாருங்கள். அதோடு ஒவ்வொரு ட்ரெய்லர் சக்கரத்தின் ஹப்பிலும் வெப்பமானியைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால், பேரிங் போகிறது அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. அங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.