ரிமோட்டில் ஓட்டும் டர்பைன் ஜெட் மாடல் விமானத்தை முதல் தடவை பறக்கவிடும் முன்

பெயிண்ட், ஸ்டிக்கர் எல்லாம் இருக்கட்டும், முதலில் எரிபொருள் லைனைப் பாருங்கள். பிஸ்டன் இன்ஜின் கொஞ்சம் காற்றை விழுங்கினாலும் இருமிவிட்டு ஓடும், டர்பைனில் அதே குமிழி போனால் தீ அணைந்துவிடும், அப்புறம் கையில் இருப்பது கனமான, வேகமாக இறங்கும் கிளைடர்தான். அதனால் பெரிய டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருந்து காற்றுக் குமிழியைப் பிடித்து நிறுத்தும் ஏர் டிராப் டேங்கை முழுக்க நிரப்பி, விமானத்தைக் கட்டிப்போட்டு, ஃபுல் த்ராட்டிலில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு அதில் குமிழி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பம்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது எரிபொருள் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். துடைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இதில் வம்பு. டேங்க் மூடியின் ஓ-ரிங், டியூப் இணைப்புகள், நுனியில் எடையோடு டேங்குக்குள் தொங்கி எரிபொருளை எடுக்கும் கிளங்க் டியூப், இந்த வரிசையில் தேடுங்கள்.

கெரசினோடு டர்பைன் ஆயில் கலக்காமல் ஓட்டவே கூடாது. பெரும்பாலான இன்ஜின்களில் பேரிங்குக்கு அந்த ஆயில்தான் கதி. அளவு பொதுவாக 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆனால் உங்கள் இன்ஜின் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. நிரப்பி முடித்ததும் டேங்குக்குக் காற்று போகும் வென்ட்டில் சொருகிய அடைப்பைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பம்ப் இழுக்க இழுக்க டேங்க் சப்பிப்போகும்.

அடுத்து ஃபெயில்சேஃப், அதாவது ரிமோட் சிக்னல் போனால் மாடல் தானாக என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங். சிக்னல் போனால் இன்ஜின் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த ஓட்டத்துக்கு, வந்தால் போதும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை, முழுக்க நிற்க வேண்டும். செட் செய்ததோடு நம்பிவிடாமல், கட்டிப்போட்ட நிலையில் ஐடிலில் ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்து கண்ணால் பாருங்கள். சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் ரேஞ்ச் செக்கும் இன்ஜின் ஓடும்போதே.

சிஜி, அதாவது எடை மையம், பார்க்கும்போது பேட்டரி, கேனப்பி (காக்பிட் மூடி) எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும். மேனுவல் வேறு மாதிரி சொல்லாவிட்டால் பெரிய டேங்க் காலி, ஏர் டிராப் டேங்க் நிறைவு, சக்கரம் கீழே.

ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானோடு நிற்கட்டும். பவுடர் வகை வேண்டாம், தீ அணையும், ஆனால் இன்ஜினும் போய்விடும். டர்பைன் சக்கரம் சுழலும் தளத்துக்கு நேராகவும் எக்ஸாஸ்ட்டுக்குப் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

பறக்கும் நேரத்தைக் குறைவாக வைத்து டைமர் போடுங்கள், ஒரு தடவை இறங்க முடியாமல் திரும்ப ஏறிச் சுற்றி வர எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி டிரிம் செய்தபின் நல்ல உயரத்தில் ஃபிளாப்பும் சக்கரமும் இறக்கி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், மூக்கு எந்தப் பக்கம் போகிறது, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் எவ்வளவு வேண்டும் என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க மூடிவிட்டுக் கடைசி நொடியில் தள்ளினால் வேலைக்கு ஆகாது, ஐடிலிலிருந்து பவர் வர சில நொடிகள் பிடிக்கும். ஐடிலிலும் தள்ளுவிசை உண்டு என்பதால் பிரேக் வேலை செய்கிறதா என்று முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும்.

நிறுத்தியதும் ஸ்விட்சை அணைக்க அவசரப்படாதீர்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியூ, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றி இன்ஜினைக் குளிரவைத்து முடிக்கட்டும். அப்புறம் ஈசியூவின் டேட்டாவில் அதிகபட்ச வெப்பநிலை, பம்ப் வோல்டேஜ் இரண்டையும் குறித்துக்கொண்டு, ஹேட்ச்சைத் திறந்து ஏர் டிராப் டேங்கை இன்னொரு தடவை பாருங்கள். குமிழி இருந்தால் இரண்டாவது ஃபிளைட் அன்றைக்குக் கிடையாது.