அறைத் திறப்பு கைக்கு வரும் முன்னே

பிள்ளைகளோடு இயக்கச்சி றீச்சா போன்ற பூங்கா விடுதியில் ஓர் இரவு தங்கப் போகிறீர்களா? கிளிநொச்சியில் இருந்து ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டினால் சரி, வெள்ளெனவே போய்விடலாம். ஆனால் இப்படியான இடங்களில் அறை பெரும்பாலும் பின்னேரம் 2 மணிக்குத்தான் கிடைக்கும். ஆகவே குளிக்கிற உடுப்பு, துவாய், ஈர உடுப்புப் போட ஒரு சொப்பிங் பேக், இவற்றைப் பெரிய பெட்டிக்குள் திணிக்காமல் தனிப் பையில் எடுங்கள். பெட்டியை வரவேற்பிடத்தில் கொடுத்துவிட்டு நேரே தண்ணீருக்குள் இறங்கலாம். பருத்திச் சட்டையோடு பல தடாகங்களில் விடமாட்டார்கள், நைலோன் உடுப்பாகப் பாருங்கள். வெயில் ஏற, சாப்பிட்டு முடிய, அறையும் கிடைக்கும்; பிள்ளைகளும் தாமாகவே நித்திரையாகிவிடுவார்கள். (அதுதானே பெற்றோருக்கு உண்மையான விடுமுறை!) அறைக் காசுக்குள் தடாகமும் விளையாட்டுகளும் அடங்குமா என்று பதியும்போதே கேட்டுவிடுங்கள்.