ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு: மனநோயிலிருந்து மீள்பவருக்கு வீட்டார் துணை நிற்பது எப்படி?

என் தம்பிக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு (பைபோலார்): மனம் சில காலம் அளவுக்கு மீறிப் பொங்கும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். வீடு மார்த்தாண்டம் பக்கம், வைத்தியம் திருவனந்தபுரத்தில். அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று கையில் மருந்துச் சீட்டு இருந்தது; அவனிடம் எப்படிப் பேசுவது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வந்திருந்தால் இந்த வரிசையில் தொடங்குங்கள்.

1. கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்

நோயின் பெயர் என்ன? எந்த மாத்திரை எதற்கு? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? டாக்டர் மலையாளத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். பைத்தியம் என்று பொருள்படும் 'கோட்டி', 'வட்டு' என்ற சொற்களை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

2. மாத்திரையை அறிந்துகொள்ளுங்கள்

தம்பி சாப்பிடுவது லித்தியம். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பலன் இல்லை, கூடினால் நஞ்சு. அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வையால் உடலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அளவு ஏறிவிடும். ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளும் ஏற்றிவிடும். கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குணமாகிவிட்டது என்று நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

3. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த நோயில் தூக்கம் குறைவது நோய் திரும்புவதன் அறிகுறி. பல சமயம் நோயைக் கிளப்பிவிடுவதும் அதுவே. தம்பியோ தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே ரப்பர் வெட்டப் போகிறவன். டாக்டரிடம் கேட்டு, விடிந்த பிறகு போகும்படி மாற்றினோம். ரப்பர் பால் குறைந்தது. அவன் தூங்கினான், எங்களுக்கு அது போதும்.

4. பேச்சைக் குறையுங்கள்

ஓயாமல் குறை சொல்வதும், அளவுக்கு மீறிக் காவல் காப்பதும் இருக்கிற வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் 1950களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டியது இதை. அம்மா நாளைக்குப் பத்து தடவை, "மக்களே, மருந்து குடிச்சியா?" என்று கேட்பாள். பாசத்தில் கேட்பதுதான், ஆனால் அவனுக்கு அது விசாரணை. அப்புறம் மருந்தை நினைவுபடுத்தும் வேலை என் ஒருத்திக்கு மட்டும் என்று பேசி வைத்தோம். "உன்னாலதான் எல்லாம்" என்று வாய் வரை வந்தால், "நேத்து நீ தூங்கல, எனக்குக் கவலையா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

5. நன்றாக இருக்கும்போதே தாளில் எழுதுங்கள்

மீண்டு வருபவரோடு உட்கார்ந்து, நோய் திரும்பும் அறிகுறிகளை எழுதுங்கள். தம்பியின் அறிகுறிகள்: இரண்டு இரவு தூக்கமின்மை, கடனுக்குப் பொருள் வாங்குவது, நடுராத்திரி போன். யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது.

சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். ரப்பர் ஷீட்டுக்கு வைத்திருக்கும் ஆசிட், பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்காகவும் கூப்பிடலாம். அம்மா ஒருநாள் கூப்பிட்டாள்.