வாடகைக் கிட்டங்கியின் பூட்டு உடைக்கப்பட்டால்: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் பொருள் வைப்பதற்கென்றே வாடகைக்கு எடுக்கப்படும் அறைகள் பல வகைப்பட்டவை. மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கங்களில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் பாக்கும் அடுக்கப்பட்ட கடைமுறிகளை, அதாவது கடை அறைகளைக் காணலாம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரைகளில் படகு எஞ்சினையும் வலையையும் பூட்டி வைக்கும் அறைகள் உள்ளன. நாகர்கோவிலின் கோட்டாறு, வடசேரி வட்டாரங்களில் வணிகர்களின் கிட்டங்கிகள் உள்ளன. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை ஓர் அறையில் பூட்டிவிட்டுச் செல்வதும் உண்டு. இவை அனைத்திலும் இரவில் ஆள் இருப்பதில்லை. பூட்டு உடைந்த செய்தி உரிமையாளரின் காதுக்கு எட்டுவதற்குள் சில வேளைகளில் பல நாட்கள் கடந்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் உறவினர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த முறியின் ஷட்டர் பூட்டை அறுத்து ரப்பர் ஷீட்டுகளைக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் போய்ச் சேர்ந்தவர்கள் பதற்றத்தில் ஷட்டரைத் தூக்கி, உள்ளே நடந்து, சிதறிக் கிடந்தவற்றை ஒதுக்கி, தரையைப் பெருக்கியும் விட்டார்கள். காவலர்கள் வந்தபோது கைரேகை எடுப்பதற்கு ஏற்ற இடமே மிஞ்சவில்லை. எத்தனை ஷீட் இருந்தது என்று கேட்டபோது ஒருவர் முந்நூறு என்றார், மற்றவர் நானூறு என்றார். அன்று நான் உணர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்: அறைக்குள் இன்ன பொருள் இவ்வளவு இருந்தது, அது நம்முடையது என்று காட்டும் பதிவு திருட்டு நடப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். காவல் நிலையம், காப்பீட்டு நிறுவனம், நீதிமன்றம் ஆகிய மூன்று இடங்களிலும் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான்.

பொருட்பதிவை எழுதும் முறை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பொருள் உள்ளே வந்த நாள், எண்ணிக்கை அல்லது எடை, வாங்கிய ரசீதின் எண், வெளியே போன நாள் ஆகியவற்றை வரிசையாக எழுதி, மாதம் ஒருமுறை அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படங்களைக் கைப்பேசியில் மட்டும் விட்டுவைக்காமல் மின்னஞ்சலிலோ வேறொருவரிடமோ ஒரு படி வைத்திருப்பது நல்லது. புத்தகத்தை அந்த அறைக்குள்ளேயே வைத்துவிடக் கூடாது.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய அடையாளம் உண்டு. படகு எஞ்சின் என்றால் அதன் வரிசை எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து, வாங்கிய பில்லோடு சேர்த்து வைக்க வேண்டும். எண் பொறித்த தகட்டைத் திருடர்கள் பெயர்த்துவிடுவது எளிது. ஆகையால் எஞ்சினின் உட்புறத்தில் கண்ணில் படாத ஓரிடத்தில் நம்முடைய குறி ஒன்றையும் வெட்டி வைக்கலாம். வலைக்கு மிதவையின் நிறம், கண்ணியின் அளவு, ஓரத்தில் கட்டிய கயிற்றின் முடிச்சு ஆகியவை அடையாளமாகும். சமையல் பாத்திரங்களை வாடகைக்கு விடுபவர்கள் வார்ப்பிலும் அண்டாவிலும் பெயர் வெட்டி வைப்பது நம் ஊரின் பழைய வழக்கம். அதைக் கைவிடாமல் இருப்பது நன்று. ரப்பர் ஷீட் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதால் தனித்தனியே அடையாளம் சொல்வது கடினம். அதனால் எண்ணிக்கையையும் எடையையும் வாரந்தோறும் எழுதி, கடைசியாக விற்ற பில்லையும் சேர்த்து வைத்தால்தான் இருப்புக் கணக்கு நிற்கும். பாக்கு, கொப்பரை, கிராம்பு ஆகியவற்றை மூட்டை கட்டும்போது மூட்டைக்கு வெளியே எண் எழுதுவதோடு, உள்ளேயும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைப் போட்டுவைக்கலாம்.

நகையையும் நிலப் பத்திரத்தையும் இத்தகைய அறையில் வைக்கவே வேண்டாம். வங்கிப் பெட்டகத்தில் கொள்ளை நடந்தால் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. கடைமுறிக்கு அப்படிப்பட்ட காப்பு எதுவும் இல்லை.

அறையும் பூட்டும்

வாடகைக்கு எடுத்த அன்றே பழைய பூட்டை மாற்றிவிட வேண்டும். முன்பு இருந்தவரிடம் சாவி இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கடற்கரையில் உப்புக்காற்று இரும்புக் கொண்டியையும் நாதாங்கியையும் அரித்துவிடுவதால், பூட்டு திடமாக இருந்தும் அது தொங்கும் கொண்டி கையோடு பெயர்ந்து வரும் நிலை ஏற்படுகிறது. பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பூட்டையும், சுவரின் உட்புறத்தில் போல்ட் முடுக்கிய கொண்டியையும் பயன்படுத்த வேண்டும். ஷட்டரின் இரு பக்கப் பூட்டுகளோடு நடுப்பூட்டும் இருந்தால், கடப்பாரையால் ஒரு முனையை நெம்பித் தூக்குவது கடினமாகும்.

ஓட்டுக்கூரை கொண்ட பழைய கட்டடங்களில் திருடர்கள் கதவைத் தொடுவதில்லை. ஓட்டைப் பிரித்து இறங்குகிறார்கள். கூரைக்குக் கீழே கம்பி வலை அடிக்கச் சொல்லி, அதற்கு உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் அத்தகைய இடத்தை எடுக்கலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. கனமழை இரவில் மின்சாரம் போய்விட்டால், ஓடு உடையும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேட்காது. மழைக்காலத்தில் வாரம் இருமுறையாவது நேரில் போய்ப் பார்த்து வருவது அவசியம்.

பூட்டு உடைந்திருப்பதைக் கண்டவுடன்

கதவு திறந்து கிடந்தாலும் உள்ளே போகக் கூடாது. திருடர் இன்னும் உள்ளே இருக்கக்கூடும் என்பது ஒரு காரணம். தடயம் அழியும் என்பது மற்றொன்று. வெளியே நின்றபடியே பூட்டு, கொண்டி, ஷட்டர், தரையில் கிடக்கும் துண்டுகள் ஆகியவற்றைத் தொடாமல் படம் எடுத்து, 112 அல்லது 100 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடுகின்ற அண்டை அயலாரைக் கனிவாகச் சொல்லி விலக்கி நிறுத்த வேண்டும். நம் ஊரில் இது எளிதன்று. ஆனால் கைரேகைப் பிரிவினரும் மோப்ப நாயும் வர வேண்டியிருந்தால், பத்துப் பேரின் காலடி அவர்களின் வேலையைக் கெடுத்துவிடும். அறுபட்ட பூட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வழக்குக்கும் காப்பீட்டுக்கும் அதுவே முதல் சான்று.

அடுத்த வேலை கண்காணிப்புக் கேமராக்களைத் தேடுவது. எதிர்க்கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்., பேருந்து நிறுத்தம் என்று அந்தச் சாலையில் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று பார்த்து, உரிமையாளர்களிடம் அன்றைய பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவுப் பெட்டி நிறைந்தவுடன் பழைய காட்சிகளின் மேல் புதியவை பதிந்துவிடும். காட்சியை நாமே பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவதால் பயனில்லை. சந்தேகத்துக்கு உரியவர் எச்சரிக்கையாகிவிடுவார். நீதிமன்றத்தில் அக்காட்சி சான்றாக ஏற்கப்பட வேண்டுமானால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் வேண்டும். ஆகவே எந்தக் கேமரா, யாருடையது என்பதைப் புகாரில் குறிப்பிட்டு, எடுக்கும் பொறுப்பைக் காவல் துறையிடம் விடுவதே முறை.

புகார் எழுதுவது

புகாரில் ‘பொருள் காணவில்லை’ என்று எழுதுவது பெரும் பிழை. ‘பூட்டை அறுத்து, ஷட்டரை நெம்பி, உள்ளே புகுந்து திருடியிருக்கிறார்கள்’ என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, மனிதர் வசிக்கும் வீட்டில் நடக்கும் திருட்டோடு பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டையும் சேர்த்து, 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. இரவில் கதவை உடைத்துப் புகுந்து திருடினால், 331ஆம் பிரிவின்படி அது 14 ஆண்டு வரை நீளும். ஆளில்லாத வெறும் குடோன்தானே என்று யாராவது இதைச் சிறிதாக்கிப் பேசினால், பிரிவின் வாசகத்தைப் பணிவோடு சுட்டிக்காட்டலாம்.

கடைசியாக எப்போது பூட்டினீர்கள், யார் யாரிடம் சாவி உண்டு, எப்போது உடைந்ததைக் கண்டீர்கள், என்னென்ன போயிற்று, அவற்றின் அடையாளமும் மதிப்பும் என்ன என்பவற்றை வரிசையாக எழுதி, பதிவுப் புத்தகத்தின் நகலையும் பில்களையும் இணைக்க வேண்டும். மதிப்பைக் கூட்டி எழுதுவது நம் பக்கத்தையே பலவீனப்படுத்தும். பின்னால் இன்னொரு பொருளும் போனது தெரியவந்தால் கூடுதல் மனு கொடுக்கலாம் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று எழுதாமல், சந்தேகம் இருந்தால் அதற்கான காரணத்தோடு சந்தேகம் என்றே குறிப்பிடுங்கள்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவதோடு விஷயம் முடிந்துவிடக் கூடாது. அது மனு பெற்றதற்கான ஒப்புகை மட்டுமே. நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமையைத் தருகிறது. எந்தக் காவல் நிலைய எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்றும் கூறுகிறது. களியக்காவிளை வட்டாரத்தில் அறை ஓரிடத்திலும் பொருள் கைமாறும் இடம் கேரள எல்லைக்கு அப்பாலும் இருக்கக்கூடும் என்பதால், இந்த விதி நம் மாவட்டத்தாருக்கு மிகவும் பயன்படும். வழக்குப் பதியும் முன் காவல் துறை நடத்தக்கூடிய 14 நாள் முதற்கட்ட விசாரணை என்பது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை கொண்ட குற்றங்களுக்கே உரியது. அறையை உடைத்துத் திருடிய வழக்கு அதற்குள் வராது. பதிய மறுத்தால் புகாரின் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகும் பலனில்லையென்றால் குற்றவியல் நடுவரை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர் மற்றும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றிச் சட்ட உதவி கிடைக்கும். அதற்கான தேசிய எண் 15100.

வெளிநாட்டில் இருப்பவர் இணையவழியில் தகவல் தந்தால், 3 நாட்களுக்குள் அதில் கையொப்பமிட வேண்டும். அது இயலாது என்பதால், ஊரில் இருக்கும் உறவினரே நேரில் சென்று புகார் கொடுப்பது மேல். குற்றத்தைப் பற்றித் தெரிந்த எவரும் தகவல் தரலாம்.

உரிமையாளர் பொறுப்பேற்பாரா?

இங்கே பலரும் ஏமாற்றம் அடைகிறார்கள். அறையை மட்டும் வாடகைக்கு எடுத்து, நாமே பூட்டி, சாவியை நாமே வைத்திருந்தால், திருட்டுக்குக் கட்டட உரிமையாளர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார். பொருளை ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் ரசீது கொடுத்துக் காவலில் வைத்திருந்தால் நிலை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவில், சாதாரண அறிவுள்ள மனிதர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்று அவரைக் கடமைப்படுத்துகிறது. ஆகவே உங்கள் கையில் இருப்பது வாடகை ஒப்பந்தமா, பொருள் ஒப்படைத்த ரசீதா என்று முதலிலேயே பாருங்கள். வாடகை ஒப்பந்தமானாலும், இரவுக் காவலாளி, வெளி விளக்கு, கூரைப் பழுது ஆகியவை யார் பொறுப்பு என்று எழுதி வாங்கியிருந்தால் பேசுவதற்கு இடமுண்டு. மாற்றுச் சாவி உரிமையாளரிடம் இருக்குமானால் அதையும் எழுத்தில் குறிக்க வேண்டும்.

காப்பீடு

கொள்ளைக் காப்பீட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் வலுக்கட்டாயமாக உடைத்து நுழைந்ததற்கான அடையாளத்தைக் கேட்கின்றன. கள்ளச் சாவியால் திறந்து எடுத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். இடம் தொடர்ந்து 7 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு செல்லாது என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. பூட்டிய அறைக்குக் காப்பீடு எடுக்கும்போதே இதைச் சொல்லி, விலக்கு எழுதி வாங்க வேண்டும். 10 லட்சம் ரூபாய் சரக்குக்கு 5 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், இழப்பில் பாதியே கிடைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். திருட்டைக் கண்ட அன்றே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, இழப்பை மதிப்பிடும் அளவையாளர் வந்து பார்க்கும் வரை உடைந்ததைச் சரிசெய்யாமல், தற்காலிகப் பூட்டு மட்டும் போட்டு வைக்க வேண்டும். பொருள் கண்டுபிடிக்கப்படாவிட்டால், காவல் துறை தரும் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்ற சான்றும் தேவைப்படும்.

பொருள் பிடிபட்டால்

காவல் துறை கைப்பற்றிய பொருள் உடனே வீட்டுக்கு வந்துவிடாது. அந்த வட்டாரத்துக்குரிய நீதிமன்றத்தில், அதாவது நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை போன்ற இடங்களில் உள்ள நடுவரிடம், இடைக்காலப் பொறுப்பில் தரக் கோரி மனுச் செய்ய வேண்டும். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, கேட்கும்போது காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு பெறலாம். எஞ்சினுக்கு வரிசை எண் பில்லும், பாத்திரத்துக்கு வெட்டிய பெயரும் இந்த நேரத்தில்தான் கைகொடுக்கும். ரப்பர் ஷீட்டில் பூஞ்சை படரும். கொப்பரையும் பாக்கும் ஈரத்தில் கெடும். விரைவில் கெடக்கூடிய பொருளை விற்க உத்தரவிடும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்பதால், அந்தக் காரணத்தை மனுவிலேயே தெளிவாக எழுதி, மூட்டைகளின் இன்றைய நிலையைக் காட்டும் படங்களையும் இணைத்து, மழை தொடங்கும் முன்பே விசாரணைக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்க வேண்டும்.